பலனைத் துறக்கப் பலன் வேண்டும்

தமிழ்த் திரைத்துறையில் எந்தப் படத்துக்கும் இரண்டு சடங்குகள் தவறுவதில்லை. தொடங்கும்போது பூஜை போடுவார்கள். படப்பிடிப்பு முடியும் நாளில் பூசணிக்காய் உடைப்பார்கள். முதல் குறும்படம் எடுக்கும் மாணவர்களும் இவ்விரண்டையும் ஆசையாகவே பின்பற்றுகிறார்கள். ஆனால் படத்தின் பாதி வேலை பூசணிக்காய் உடைந்த பிறகுதான் வருகிறது. எடிட்டிங், டப்பிங், ஒலிக்கலவை, பின்னணி இசை, கலர் கிரேடிங் என்று நீளும் அந்தப் பாதிக்கு, மாணவர் படங்களிலாவது, யாரும் நாள் பார்ப்பதில்லை, கற்பூரம் காட்டுவதில்லை, சுற்றி நிற்கக் கூட்டமும் இல்லை. பல முதல் படங்கள் நின்றுபோவது இங்கேதான். காசு தீர்ந்துவிட்டது, எடிட்டர் வேறு வேலைக்குப் போய்விட்டார், தேர்வு வந்துவிட்டது என்று காரணங்கள் சொல்லப்படும். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றோடு ஒரு தத்துவ நியாயமும் மெல்லச் சேர்ந்துகொள்ளும்: செயல்தான் நம் கையில் இருக்கிறது, பலன் இல்லை, எடுத்ததில் நிறையக் கற்றுக்கொண்டோம், படம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? கீதையைப் படித்திராதவர்களும் கீதையின் பெயரால் இதைச் சொல்கிறார்கள். இந்த நியாயம் தலைகீழானது என்று நினைக்கிறேன். முடிக்காமல் விட்டவர் பலனைத் துறந்தவர் அல்லர். பலனை இறுகப் பற்றியிருப்பவர் அவர்தான்.

திரைக்கதையாக இருக்கும்வரை ஒரு படத்துக்குக் குறையே இல்லை. மனதில் ஓடும் படத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறது, நடிகர் சரியான நொடியில் திரும்பிப் பார்க்கிறார், பின்னணியில் லாரி ஹாரன் அடிப்பதில்லை. படப்பிடிப்பிலும் இந்த மயக்கம் முழுதாகக் கலைவதில்லை. ஒவ்வொரு டேக்கும் தனித்தனித் துண்டு. துண்டின் குறையை மற்ற துண்டுகள் மறைத்துவிடும் என்று நம்ப இடமிருக்கிறது. அந்த நம்பிக்கை உடைவது ரஃப் கட்டில். துண்டுகளை வரிசைப்படுத்தி முதன்முறையாக ஓட்டிப் பார்க்கும்போது இயக்குநர் பார்ப்பது தன் படத்தை அல்ல, தன் அளவை. நடிப்பு தட்டையாக இருக்கிறது, ஒரு ஷாட் எடுக்கவே மறந்திருக்கிறது, ஊகமாக இருந்த வேகம் உண்மையில் ஆமை நடை. தொழிலில் பழகியவர்களுக்கு இது வழக்கமான நாள். அவர்கள் அந்த அளவை முன்பே பலமுறை பார்த்தவர்கள். முதல் படக்காரருக்கு அப்படியல்ல. அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இருக்கும் ஃபுட்டேஜிலிருந்து இருக்கக்கூடிய படத்தைச் செய்வது. மற்றது, ஹார்டு டிஸ்கை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, எடுத்திருக்கக்கூடிய மகத்தான படத்தின் இயக்குநராகவே நீடிப்பது. இரண்டாவது வழியில் எதுவும் இழக்கப்படுவதில்லை. அதனால்தான் அதைத் துறவு என்று சொல்ல முடியாது. முடிந்த படத்துக்கு ஓர் அளவு உண்டு. முடியாத படத்துக்கு அளவே இல்லை, அதன் புகழை யாரும் குறைக்க முடியாது. பலன் மீதான பற்றுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

கீதை சொல்வதை முழுதாகக் கேட்டால் இந்த வசதி கிடைக்காது. இரண்டாம் அத்தியாயத்தின் அந்தப் புகழ்பெற்ற சுலோகத்தில் நான்கு கூறுகள் உண்டு. செயலில் உனக்கு உரிமை என்பதும் பலனில் இல்லை என்பதும் நாட்காட்டித் தாள்வரை வந்துவிட்டன. நான்காவது கூறு, செயலற்றிருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம் என்கிறது. இதை மேற்கோள் காட்டுவோர் குறைவு. பதினெட்டாம் அத்தியாயம் இன்னும் கறாரானது. செய்யவேண்டியதை மயக்கத்தால் விடுவது தாமசத் துறவு; துன்பமாக இருக்கிறது என்று அஞ்சி விடுவது ராஜசத் துறவு; இப்படி விடுபவருக்குத் துறவின் பலன்கூடக் கிடைக்காது என்கிறது அது. எடிட்டிங் மேசையிலிருந்து எழுந்து போவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. தன் குறையை மணிக்கணக்கில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பது துன்பம்தான், அதை மறுப்பதற்கில்லை. கீதை பாராட்டுகிற துறவில் செயல் நடந்து முடிகிறது, பலன் மரத்தில் பழுக்கிறது, பறித்தவர் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. பூவிலேயே மரத்தை வெட்டிவிட்டுப் பழத்தைத் துறந்தேன் என்று சொல்வதை அது துறவாகக் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தக் கேள்வியை நம் மரபில் கீதையைவிட நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் மீமாம்சகர்கள். வேள்வியின் சட்ட நிபுணர்கள் என்று அவர்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவர்களுடைய நூல்களைப் பக்தி நூலாகப் படிக்கப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஜைமினியின் சூத்திரங்களில் ஆறாம் அத்தியாயம் ஒரு நேரடியான கேள்வியை எழுப்புகிறது. ஒருவர் ஏதோ ஒன்றை விரும்பி ஒரு வேள்வியைத் தொடங்குகிறார். நடுவில் அந்த விருப்பம் போய்விட்டது, அல்லது விரும்பியது வேறு வழியில் கிடைத்துவிட்டது. மீதியைச் செய்ய வேண்டுமா? வேண்டும் என்பது முடிவு. தொடங்கச் செய்தது விருப்பம். ஆனால் தொடங்கிய பின் கட்டுப்படுத்துவது தொடக்கமே. பாதியில் விடுபவரைச் சான்றோர் பழிப்பார்கள் என்பதும் அங்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. திருவள்ளுவரும், வேள்வி எதையும் முன்வைக்காமலே, வினைசெயல்வகை அதிகாரத்தில் அரைகுறையாக நிற்கும் வேலையை அணைக்காமல் விட்ட நெருப்போடு சேர்த்து எண்ணுகிறார். இதோடு வாதம் முடிந்தது என்று எழுந்துவிடலாம். ஆனால் நேர்மை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஜைமினி அடுத்தபடியாகவே உலகியல் வேலைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்கிறார். விதித்தது வேதம் அல்ல, ஆகவே விட்டால் குற்றம் இல்லை. குறும்படம் உலகியல் வேலையா, இல்லையா? உலகியல் வேலைதான். அப்படியானால் மீமாம்சை என் பக்கம் நிற்கவில்லை, ஹார்டு டிஸ்கை இழுப்பறையில் வைத்தவர் பக்கம் நிற்கிறது.

இந்த இடத்தை வேகமாகக் கடக்கக் கூடாது. ஏனென்றால் முதல் குறும்படத்தின் இயல்பு இங்கேதான் தெளிவாகிறது. தனக்காக ஒருவர் எழுதும் கவிதையை, தன் திண்ணைக்கு அவர் அடிக்கும் சுண்ணாம்பைப் பாதியில் விடலாம். ஜைமினி தரும் விடுதலை அதற்குப் பொருந்தும். குறும்படம் அப்படித் தனியொருவர் வேலை அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து நடிக்க வந்தவர்கள், பூம் மைக்கைத் தலைக்குமேல் பிடித்துத் தோள் வலித்தவர், வீட்டை இரண்டு நாள் தந்துவிட்டு அடுக்களையில் ஒதுங்கிக்கொண்ட குடும்பம், சாப்பாட்டுக்குப் பணம் போட்ட மாமா என்று எத்தனையோ பேர் அதற்குள் இருக்கிறார்கள். வணிகப் படம் ஒன்று பெட்டிக்குள் முடங்கினால் நட்டம் பெரிது. ஆனால் லைட்மேனுக்கு அன்றன்றைய பேட்டா பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருக்கும். அவருக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது. மாணவர் படத்தில் யாருக்கும் கூலி கிடையாது. அல்லது, இன்னும் சரியாகச் சொன்னால், அவர்கள் எல்லோருக்கும் உரிய ஒரே கூலி முடிந்த அந்தப் படம்தான். தன் முகத்தைத் திரையில் ஒருமுறை பார்ப்பதும், தன் பெயர் கடைசியில் ஓடுவதும், அடுத்த வாய்ப்புக்குக் காட்ட ஒரு சான்று இருப்பதும் அவர்களுக்குத் தருவதாகச் சொன்ன சம்பளம். பலனைத் துறக்க இயக்குநருக்கு உரிமை உண்டு, தன் பங்கை மட்டும். பதினைந்து பேருடைய பங்கையும் சேர்த்து அவர் துறந்தால் அதற்குப் பெயர் வேறு. வேதம் விதிக்காத கட்டாயத்தை இங்கே மனிதர்கள் விதிக்கிறார்கள், சான்றோரின் பழி என்று மீமாம்சகர் சொன்னது இங்கே வேதத்தின் துணையில்லாமலே செல்லுபடியாகிறது.

மாஸ்கோவின் விகிக் திரைப்படப் பள்ளியில் 1956இல் ஹெமிங்வேயின் ‘கொலைகாரர்கள்’ கதையை மாணவர்கள் படமாக்கினார்கள். ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் முதல் படம் என்று இன்று அதைச் சொல்கிறோம். உண்மையில் அலெக்சாண்டர் கோர்டன், மாரிக்கா பெய்க்கு ஆகிய வகுப்புத் தோழர்களும் அதில் இயக்குநர்கள், நடுக்காட்சி கோர்டனுடையது. கொல்லப்படக் காத்திருப்பவராக நடித்த வசீலி சுக்‌ஷின் அதே மிகயீல் ரோம் வகுப்பில் படித்தவர், பின்னால் ரஷ்யாவின் பெரிய எழுத்தாளராகவும் இயக்குநராகவும் ஆனார். வாடிக்கையாளராகச் சீட்டியடித்துக்கொண்டு வந்து போகும் சிறு வேடத்தில் தார்க்கோவ்ஸ்கி. பத்தொன்பது நிமிடப் படம். மேதைமையின் தடயம் தேடிப் போகிறவருக்குக் கொஞ்சமே கிடைக்கும். ஆனால் அது முடிந்த படம் என்பதால் கோர்டனின் காட்சியும் சுக்‌ஷினின் முகமும் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. அந்த ஃபுட்டேஜ் போதாது என்று தார்க்கோவ்ஸ்கி ஒதுக்கியிருந்தால், தன்னுடையதை மட்டும் ஒதுக்கியிருக்க மாட்டார்.

அதே மாஸ்கோவிலிருந்து எதிர்வாதம் ஒன்றும் வருகிறது. புரட்சிக்குப் பிந்திய ஆண்டுகளில் படச்சுருள் கிடைக்காத தட்டுப்பாட்டில், லெவ் குலெஷோவ் தன் பட்டறை மாணவர்களைக் கொண்டு ‘படச்சுருள் இல்லாத படங்கள்’ செய்தார். ஷாட் பிரித்து, அசைவு கணக்கிட்டு, மேடையில் நடித்துக் காட்டுவார்கள். கேமராவுக்குள் சுருள் இருக்காது. பின்னாளில் இயக்குநர்களான புதோவ்கினும் போரிஸ் பார்நெட்டும் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். படமே இல்லாமல் சினிமாவைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா, பிறகு ஏன் முடிப்பதைப் பற்றி இவ்வளவு பேச்சு? சான்றைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு இல்லாமல் போனது சுருள். முடிவு இல்லாமல் போகவில்லை. ஒவ்வொரு பயிற்சியும் ஒரு வடிவத்துக்கு வந்து பார்ப்பவர் கண்முன் நடந்தேறியது, அதில் சரியில்லாதது அங்கேயே தெரிந்தது. கையில் எல்லாம் இருந்தும் முடிக்காமல் விடுகிற மாணவர் குலெஷோவைத் துணைக்கு அழைக்க முடியாது. கற்றுக்கொண்டோம் என்று அவர் சொல்வதும் பாதிதான் உண்மை. எடுத்ததிலிருந்து அவர் கற்றது எடுப்பதை. முடிப்பதில் கற்க வேண்டியது வேறு: எதை வெட்டுவது, எந்தக் குறையோடு வாழ்வது, எந்த இடத்தில் கையை எடுப்பது. அதை வேறெந்த வகுப்பும் சொல்லித் தராது.

பொறுமையைப் பற்றிய எதிர்வாதம் இதைவிடக் கனமானது. டேவிட் லிஞ்ச் 1972இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் மாணவராக ‘இரேசர்ஹெட்’ படத்தைத் தொடங்கினார். கையிலிருந்தது இருபத்தொரு பக்கத் திரைக்கதை, நிறுவனம் கொடுத்தது 10,000 டாலர். குறும்படமாகவே முடிந்துவிடும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். படம் வெளியே வந்தது 1977இல். பணம் தீரும், நிற்கும், கொஞ்சம் சேரும், தொடரும். வருவாய்க்காக லிஞ்ச் செய்தித்தாள் விநியோகித்தார். கதாநாயகனாக நடித்த ஜாக் நான்ஸ் அந்த விசித்திரமான தலைமுடியை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றி வந்தார். அவர் ஒரு கதவைத் திறக்கும் ஷாட்டுக்கும் உள்ளே நுழையும் ஷாட்டுக்கும் நடுவில் ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது என்று லிஞ்ச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் ஆண்டில் யாராவது எட்டிப் பார்த்திருந்தால், முடிக்கத் தெரியாத ஒரு மாணவர் என்றே முடிவு கட்டியிருப்பார். பொறுமைக்கும் பற்றுக்கும் வேறுபாட்டை அப்போது எப்படிக் கண்டுபிடிப்பது? காலத்தை வைத்து முடியாது. வேலை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்துத்தான் முடியும். லிஞ்ச் காத்திருந்தது அடுத்த ஷாட்டுக்காக. அதன் விடுபட்ட மறுபாதி என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் பொதுக் காட்சிக்குப் பிறகு, ஐந்து ஆண்டு உழைப்பிலிருந்து சுமார் இருபது நிமிடத்தை வெட்டி எறிந்தார். பற்றுள்ளவரால் அது முடியாது. (அந்த ஆண்டுகளில்தான் அவர் தியானப் பயிற்சிக்குள் நுழைந்தார், விவிலியத்தில் ஒரு வாக்கியத்தைப் படித்தபோது படம் தனக்கு முழுதாகத் துலங்கியது என்றும் சொன்னார், எந்த வாக்கியம் என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆன்மிகம் அவரை எடிட்டிங் மேசையிலிருந்து விடுவிக்கவில்லை, அங்கேயே உட்கார வைத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.)

பலனுக்கும் முடிவுக்கும் உள்ள தூரத்தை மாணவர் படங்களில் சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ அளவுக்குக் காட்டுவது வேறில்லை. லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், வார இறுதி நாட்களில், நண்பர்களையும் அக்கம்பக்கத்தவரையும் நடிக்கவைத்து, 10,000 டாலருக்கும் குறைவான செலவில் அவர் எடுத்த முழுநீளப் படம் அது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் முதுகலைப் பட்டத்துக்கான படமாக 1977இல் அதை முடித்துக் கொடுத்தார். ஆனால் அதில் வரும் பாடல்களுக்கு உரிமம் வாங்கப் பணம் இல்லை. 1990இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற படம், திரையரங்குக்கு முறையாக வந்தது 2007இல்தான். முப்பது ஆண்டு பலன் வரவில்லை. அதனால் படம் முப்பது ஆண்டு முடியாமல் கிடந்தது என்று யாராவது சொல்வார்களா? பர்னெட்டின் கையில் இருந்ததை பர்னெட் 1977இலேயே செய்துவிட்டார். உரிமம், விநியோகம், புகழ் எதுவும் அவர் கையில் இல்லை. செயலில் உரிமை, பலனில் இல்லை என்பதற்கு உதாரணம் தேடினால் இந்த முப்பது ஆண்டுகளைக் காட்டலாம், இழுப்பறைக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்கைக் காட்ட முடியாது. இரண்டும் யாரும் பார்க்காத படங்கள்தான். ஒன்றுக்குப் பார்வையாளர் வரவில்லை. மற்றது பார்வையாளரை வரவிடவில்லை.

மீமாம்சையிடம் இன்னொரு முறை போக வேண்டியிருக்கிறது, இந்தமுறை உதவிக்கு. கடமையாகச் செய்யும் நித்திய கருமத்துக்கும் ஒன்றை விரும்பிச் செய்யும் காமிய கருமத்துக்கும் அவர்கள் வைக்கும் வேறுபாடு பலருக்கு வியப்பளிக்கும். காமியத்தில் எல்லா அங்கமும் பிசகின்றி அமைய வேண்டும். ஒன்று குறைந்தாலும் பலன் இல்லை. நித்தியத்தில் முதன்மைச் செயல் நடந்தால் போதும், துணை அங்கங்கள் இயன்ற அளவில். ஆசை குறைந்த இடத்தில் கண்டிப்பும் குறைகிறது. முதல் படங்கள் நின்றுபோவதன் இரகசியம் இதில் இருக்கிறது. மாணவர் தன் முதல் படத்தைக் காமியமாகத் தொடங்குகிறார்: கான் விழாவின் லா சினெஃப் பிரிவு, தயாரிப்பாளர் ஒருவரின் பார்வை, ஒரே படத்தில் பெயர். அப்படித் தொடங்கியதில் ஒலி கொஞ்சம் இரைந்தாலும் வேள்வி கெட்டது; கெட்டதை எதற்குத் தொடர்வது? நித்தியமாகக் கருதினால் இரைச்சலோடும் முடிக்கலாம். 2024இல் லா சினெஃப்பின் முதல் பரிசு பெற்ற சிதானந்த நாயக்கின் படம், புனே திரைப்படக் கல்லூரியில் ஓராண்டுத் தொலைக்காட்சிப் படிப்பின் இறுதிப் பயிற்சியாக எடுக்கப்பட்டது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது, கூடவே சொல்லத் தயக்கமும் வருகிறது. பற்றின்றிச் செய்தால் பரிசு வரும் என்று அதிலிருந்து பாடம் எடுப்பவர், காமியத்தைக் கொல்லைப்புற வழியாக வீட்டுக்குள் அழைத்து வருகிறார்.

பதிலியைப் பற்றியும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். வேள்விக்கு வைத்த நெல் கெட்டுப்போனால் நீவாரம் என்னும் காட்டு நெல்லைப் பயன்படுத்தலாம், சோமக்கொடி கிடைக்காவிட்டால் பூதீகக்கொடியை. ஆனால் தெய்வத்துக்கும் மந்திரத்துக்கும் அக்கினிக்கும் பதிலி கிடையாது. முதல் படக்காரருக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரையைத் திரைக்கதைப் பாடநூல்களில் நான் கண்டதில்லை. மழை வந்தது, நடிகை திருமணமாகி வெளியூர் போனார், லொகேஷன் இடிக்கப்பட்டது. இவை நெல்லா, தெய்வமா? பேட்ச் ஒர்க்கில் சரிசெய்யக்கூடியதை ஈடில்லாதது என்று எண்ணி நின்றுவிடுவது ஒரு பிழை. எப்படியாவது முடித்தால் போதும் என்று, எதன்பொருட்டு அந்தப் படம் எடுக்கப்பட்டதோ அதையே மாற்றிவிடுவது எதிர்ப் பிழை. பர்னெட்டுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. படத்தின் இறுதிக்கு அவர் வைத்திருந்த டைனா வாஷிங்டன் பாடலுக்கு 2007 வெளியீட்டின்போது உரிமம் கிடைக்கவில்லை. அதே பாடகியின் வேறொரு பாடல் அந்த இடத்தில் வந்தது. 2025இன் மறுசீரமைப்பில்தான் பழைய பாடல் திரும்பியது. பதினெட்டு ஆண்டு பதிலியோடு ஓடிய படத்தைப் பார்த்தவர்கள் குறைப்படத்தைப் பார்த்ததாக உணரவில்லை. அது நெல், தெய்வம் அல்ல.

முற்றுப்பெறாததில் அழகு உண்டு என்ற வாதம் கலைஞர்களுக்குப் பிடித்தமானது. கழுகுமலை வெட்டுவான் கோயிலைக் காட்டுவார்கள், காட்டத் தகுந்ததுதான். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துத் தச்சர்கள் குன்றை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்து, அடிப்பகுதியை எட்டுமுன் நிறுத்திவிட்ட கோயில். ஆனால் அது ஏன் அழகாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். சிகரமும் அதன் கீழுள்ள சிற்பங்களும் முழுதாக முடிக்கப்பட்டவை. உளி தொட்ட இடமெல்லாம் உளி தன் வேலையைச் செய்துவிட்டே கீழே இறங்கியிருக்கிறது; தொடாத இடம் பாறையாகவே நிற்கிறது. சினிமா அப்படிச் செய்யப்படுவதில்லை. அது முழு நீளத்துக்கும் ஒவ்வொரு பூச்சாக ஏறும் வேலை. டப்பிங் இல்லாத படம் முழுக்க ஊமை, கலர் பார்க்காத படம் முழுக்க வெளிறல். பாதியில் நின்ற படத்தில் வெட்டுவான் கோயிலின் சிகரம் போல முடிந்த ஒரு பகுதியைக் காட்ட முடியாது. இதைத் தவிர, அந்தத் தச்சர்கள் விரும்பி நிறுத்தினார்கள் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை.

சிற்ப மரபிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டுமானால் கண் திறப்பை எடுத்துக்கொள்ளலாம். ஸ்தபதி சிலையின் கண்ணைக் கடைசியாகத்தான் திறக்கிறார், அதற்கு நாள் பார்க்கிறார்; அதன் பிறகு சிலை அவருடைய வேலைப்பொருள் அல்ல, வழிபாட்டுக்கு உரியது. இலங்கையின் பௌத்தக் கோயில்களிலும் இந்தச் சடங்கு உண்டு. ஓவியர் புத்தரின் முகத்தை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துக் கண் வரைவார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். செய்தவர் பார்ப்பது நின்று செய்யப்பட்டது பார்க்கத் தொடங்கும் கணம் அது. படத்தை முடிப்பது என்று நான் சொல்வதும் இந்தக் கைமாற்றத்தைத்தான். குறைகள் தீர்ந்த நிலையை அல்ல. தீரவே தீராத குறைகளோடு, இனி இது என்னுடையதல்ல என்று கொடுப்பது. நம் தொழிலில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ வந்துவிட்டது என்று சொல்லும்போது அந்தக் கணம் குறிக்கப்படுகிறது, சடங்கு மட்டும் இல்லை. அதற்குப் பின் வருவது புகழும் இகழும். சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்று சொல்லும் மனநிலை, நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒன்றாகப் பாவிப்பது, கல்லூரித் திரையிடலில் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டலையும் கொட்டாவியையும் கேட்கும் இருபத்தொரு வயதுக்காரரிடம் எதிர்பார்க்கக்கூடியது அல்ல. ஆனால் அந்த இருட்டில் உட்காராத ஒருவருக்கு அதைப் பழகத் தொடங்கும் வாய்ப்பே இல்லை. ஒப்பாகப் பாவிப்பதற்கு முதலில் இரண்டும் வந்தாக வேண்டுமே.

நிறுத்தியே ஆகவேண்டிய படங்கள் உண்டு. ஆவணப்படத்தில் தன்னைப் பற்றிப் பேசிய ஒருவர் பின்னர் வேண்டாம் என்கிறார். எடுத்த ஒரு காட்சி யாரையோ காயப்படுத்தும் என்று பிறகு புரிகிறது. இங்கே முடிப்பது கடன் அல்ல, முடிக்காமல் விடுவதுதான் கடன். என் வாதம் மனிதர்களுக்குப் பட்ட கடனில் நிற்பதால், அதே கடன் எதிர்த்திசையில் இழுக்கும்போது அதற்கும் கட்டுப்பட வேண்டும். ஒரு நிபந்தனை மட்டும்: நிறுத்துகிறேன் என்று உடன் உழைத்தவர்களிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். சொல்லி நிறுத்திய படம் ஒருவகையில் முடிந்த படம். அதற்குப் பிறகு யாரும் எப்போது வரும் என்று கேட்டுக் காத்திருக்கப் போவதில்லை. பதில் சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவை மௌனத்தில் விட்டுவிடுவதுதான் குற்றம்.

மாணவர்களை முடிக்கவைப்பது அவர்களுடைய அறம் அல்ல, கெடு நாள்தான் என்று ஒருவர் சிரிக்கலாம். டிப்ளமோ படத்துக்குக் கெடு உண்டு. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குனர்’ நிகழ்ச்சியில் சுற்றுக்கு ஒரு குறும்படம் என்ற கெடுவில்தான் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றோர் முடித்துப் பழகினார்கள். இருக்கட்டும். அக்கினிஹோத்திரத்தின் நேரத்தையும் செய்பவர் முடிவு செய்வதில்லை, சூரியன் முடிவு செய்கிறது. வெளியிலிருந்து வரும் நேரத்துக்குக் கட்டுப்படுவதும் பற்றைத் தளர்த்தும் ஒரு பயிற்சியே.

டிஜிட்டல் காலத்தில் எதுவும் முடிவதில்லை என்ற பேச்சு இன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஏற்றிய கோப்பை இறக்கிவிட்டுத் திருத்திய கோப்பை ஏற்றலாம், நாளை மீண்டும் ஏற்றலாம். ஜார்ஜ் லூகாஸ் தன் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை 1997 தொடங்கித் திரும்பத் திரும்பத் திருத்தியதையும், 1971இல் வந்த தன் முதல் முழுநீளப் படமான ‘டிஎச்எக்ஸ் 1138’இல் 2004இல் புதிய காட்சி வேலைகளைச் சேர்த்ததையும் காட்டுவார்கள். ரசிகர்கள் அதற்காக அவரை இன்னும் மன்னிக்கவில்லை என்பது ஒரு பக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கதையின் தொடக்கம். ‘டிஎச்எக்ஸ் 1138’ முதலில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1967இல் அவர் மாணவராக எடுத்த பதினைந்து நிமிடப் படம். அதில் போதாதது நிறைய இருந்தது, அவருக்கும் தெரியும். அவர் அதைப் பிரித்து மறுபடி கோக்கவில்லை. முடித்தார், 1968இல் தேசிய மாணவர் திரைப்பட விழாவில் பரிசு வாங்கினார், போதாததை நான்கு ஆண்டு கழித்து வேறொரு படமாக எடுத்தார். பாலாஜி மோகன் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படத்தை 2012இல் முழுநீளப் படமாக எடுத்ததும் இதே வழிதான். வேள்வி விதிகளிலும் முடிந்ததைத் திறந்து மீண்டும் கிளறும் முறை கிடையாது. வேண்டுமானால் மறுபடி ஒன்று தொடங்கலாம். முதல் படத்தின் குறை உறுத்திக்கொண்டே இருக்கும் மாணவருக்கு எடிட்டிங் மென்பொருளில் பழைய கோப்பைத் திறப்பது எளிது. அடுத்த படத்துக்கு மறுபடி பதினைந்து பேரிடம் போய்க் கேட்பது கடினம். முதல் படத்தை முடித்துக் காட்டியிருந்தால் அவர்களில் பாதிப் பேராவது வருவார்கள்.